பிணைக்காரர் இருவர், மோட்டார் சைக்கிள் ஒன்று

"புடிங்க."

ஏழெட்டு வருடங்களுக்குப் பிறகு யோகராஜா என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. எதைப் பிடிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே, தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை. அவருடைய பழைய மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். மடியில் சாப்பாட்டுப் பை. தலையில் மைத்துனரிடம் இரவல் வாங்கிய ஹெல்மட். அது என் தலையை விடப் பெரியது. யாராவது கூப்பிட்டால் என் தலை மட்டும் திரும்பும், ஹெல்மட் நேரே பார்த்துக்கொண்டிருக்கும்.

சீட்டுக்குப் பின்னால் இருந்த இரும்புக் கம்பி ஒரு பக்கம் உடைந்து ஆடியது. அதை விட்டால் பிடிப்பதற்கு யோகராஜாவின் இடுப்புத்தான் இருந்தது. பேச்சுவார்த்தை இல்லாத மனிதனின் இடுப்பை எப்படிப் பிடிப்பது? உடைந்த கம்பியையே பிடித்துக்கொண்டேன். பலாபத்வல போய்ச் சேருவதற்குள் கை மரத்துப் போய்விட்டது.

பலாபத்வல சந்தியில் எங்கள் இருவரையும் தெரிந்த ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் இருந்தார். எங்களைப் பார்த்ததும் ஊற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணியை நிறுத்த மறந்துவிட்டார். கிளாஸ் நிரம்பி மேசையில் ஓடியது. அன்று யாரோ ஒருவருக்கு எங்களால் அரைத் தேத்தண்ணி நட்டம்.

பாட்டால் வந்த பகை

நாவுலயில் நாங்கள் வேலை பார்த்த அரசாங்க அலுவலகத்தில் தமிழர் மூன்று பேர். நான் மொழிபெயர்க்கும் லிகிதர். யோகராஜா களஞ்சியப் பொறுப்பாளர். மூன்றாவது ஆள் ரவி, அலுவலக ஜீப்பின் சாரதி. எங்களை விட நன்றாக வயது குறைந்தவன்.

இருக்கிற மூன்று தமிழரில் இரண்டு பேருக்குப் பேச்சில்லை என்பது அலுவலகத்துச் சிங்களவர்களுக்குப் பெரிய வேடிக்கை. புதிதாக மாற்றலாகி வருகிறவர்களுக்கு கழிவறை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிய கையோடு எங்களையும் காட்டிவிடுவார்கள்.

காரணம் ஒரு பாட்டு. அலுவலகத்தில் எல்லோருமாக நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனோம். பஸ்ஸில் நான் பாடினேன். நன்றாகத்தான் பாடினேன், அதை இன்றைக்கும் எங்கே கேட்டாலும் சொல்வேன். ரம்பொடை ஏற்றத்தில் பஸ் முக்கி முனகியது. யோகராஜா எழுந்து நின்று, "அந்தப் பாட்ட நிப்பாட்டச் சொல்லுங்கப்பா, பஸ்ஸு பயந்துருச்சு" என்றார்.

தமிழ் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ரவி அதைச் சிங்களத்தில் சொல்ல, மிச்சப் பேர் சிரித்தார்கள்.

திரும்பி வந்ததும் யோகராஜா தலைக்குச் சாயம் பூசுகிறார் என்ற செய்தியை அலுவலகத்தில் பரப்பினேன். மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால் இரண்டு மொழியிலும் பரப்பினேன். அன்றோடு பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு ரவிதான் எங்களுக்கு நடுவில் ஓடினான். "ரவி, அந்த ஆளுக்கிட்ட கேளு, வெள்ளக் கடதாசி இருக்கான்னு" என்பேன். அந்த ஆள் பக்கத்து மேசையில்தான் இருப்பார். "ரவி, அந்த ஆளுக்கிட்ட சொல்லு, முடிஞ்சு போச்சுன்னு" என்பார். ரவி பாவம், இரண்டையும் ஒழுங்காக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்லுவான். ஒரு சொல்லைக்கூடக் கூட்டிக் குறைக்க மாட்டான்.

கையெழுத்து

அந்த ரவி வங்கியில் கடன் எடுத்தான். வீட்டுக்கு இரண்டு அறை கட்டப் போவதாகச் சொன்னான். பிணைக்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனான். நான் கையெழுத்துப் போட்டபோது மற்றப் பிணைக்காரரின் இடம் வெறுமையாக இருந்தது. மறுநாள் யோகராஜாவைக் கூட்டிக்கொண்டு போனபோது என் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டே கையெழுத்து வாங்கினானாம். ஏழெட்டு வருடம் எங்களுக்கு நடுவில் ஓடியவனுக்கு எங்களைத் தெரியாதா?

அறை கட்ட எடுத்த காசை, வளைகுடாவில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு ஏஜென்டிடம் பயல் கொடுத்திருந்தான். ரவி லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பறந்தான். முதலில் சில மாதம் தவணை வந்தது. பிறகு தவணையும் வரவில்லை, போனும் வேலை செய்யவில்லை.

நாட்டில் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்து, வரிசை போய் விலை மட்டும் நின்ற காலம் அது. வங்கி எங்கள் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டது. பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தோம். வங்கி அதிகாரி, சின்னப் பெண், மிக மரியாதையாகச் சொன்னாள்: கடன்காரர் கட்டாவிட்டால் பிணைக்காரர் கட்ட வேண்டும், மாதா மாதம் தவணை இருவர் சம்பளத்திலும் பாதிப் பாதியாக வெட்டுப்படும்.

நான் சுவரைப் பார்த்தேன். யோகராஜா எதிர்ச் சுவரைப் பார்த்தார். நடுவில் ரவி இல்லாததால் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளவும் வழியில்லை.

வீட்டுக்கு வந்து புஷ்பாவிடம் சொன்னேன். என் மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். வெகுநேரம் பேசிவிட்டு வந்தாள்.

"அவரு வீட்டு சரோஜா அக்காவோட பேசிட்டேன். நாளையிலேர்ந்து அவரு பைக்லதான் போறீங்க. பெற்றோல் பாதி நம்ம போடுறோம்."

"அந்த ஆளோடயா? நான் பஸ்ஸிலயே போறேன்."

"அந்த ஆளோட சேந்து கையெழுத்து வச்சீங்கதானே? சேந்து ஒக்காந்தா மட்டும் என்ன கொறஞ்சு போகும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததைச் சொன்னாள். "பஸ் காசுல மிஞ்சுறது தர்ஷினி கிளாஸுக்கு. இல்லன்னா இந்த மாசத்தோட அவ இரசாயனவியல் கிளாஸ நிப்பாட்டணும்."

தர்ஷினி எங்கள் ஒரே மகள். உயர்தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சு நடக்கும்போது உள்ளறையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கம் புரட்டாமல் இருந்தாள். அந்தச் சத்தமில்லாமை எனக்குக் கேட்டது. மறுநாள் காலை ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டேன்.

வெட்டு, கொத்து, பூட்டு

சிக்கனம் என்பது பெரிய தியாகம் எதுவும் இல்லை. சின்னச் சின்ன அவமானங்கள், அவ்வளவுதான்.

புஷ்பா காஸ் அடுப்பைத் தேத்தண்ணிக்கு மட்டும் என்று ஒதுக்கினாள். சோறு விறகில். சீனியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். விருந்தாளி வந்தால்தான் சாவி வரும். நான் சனிக்கிழமைகளில் வாசலைப் பார்த்துக்கொண்டு யாராவது வரமாட்டார்களா என்று ஏங்கத் தொடங்கினேன். ஒருநாள் மின்மானி பார்க்க வந்தவரைக் கட்டாயப்படுத்தி உட்கார வைத்தேன்.

கடைச் சாப்பாட்டுப் பார்சல் போனது. பதினொரு மணி ரோல்ஸ் போனது. யோகராஜா பத்திரிகை வாங்குவார், நான் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு போவேன். அவர் வாசித்து முடித்ததை மேசையில் தள்ளுவார், நான் பிளாஸ்கைத் தள்ளுவேன். பேச்சு கிடையாது. பண்டமாற்று மட்டும்.

எனக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் லொத்தர் சீட்டு. தினமும் ஒன்று வாங்குவேன். அதை நிறுத்தியதுதான் கஷ்டமாக இருந்தது. நாவுல சந்தியில் லொத்தர் விற்கும் அம்மா முதல் வாரம் எனக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். இரண்டாம் வாரம், "இன்னைக்கு எடுத்திருந்தா விழுந்திருக்கும்" என்றார். தினமும் அப்படியே சொன்னார். அவர் கணக்குப்படி நான் அந்த வருடம் எத்தனையோ தரம் கோடீஸ்வரன்.

யோகராஜாவின் சிக்கனம் வேறு மாதிரி. நாலந்தைப் பக்கத்து இறக்கங்களில் எஞ்சினை நிறுத்திவிடுவார். சத்தமே இல்லாமல் நாங்கள் இருவரும் காற்றில் இறங்குவோம். நான் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த தேவாரங்களை எல்லாம் சொல்லுவேன். அப்போது மட்டும் இடுப்பைப் பிடிப்பேன். உயிர் வேறு, மானம் வேறு.

ஒரு திங்கட்கிழமை அவர் பஸ் நிலையத்துக்கு வந்து ஹெல்மட்டைக் கழற்றியபோது காதோரம் வெள்ளையாகத் தெரிந்தது. அடுத்த வாரம் நெற்றிக்கு மேலே. மாதக் கடைசியில் தலை முழுக்கப் பஞ்சு. மனிதர் சாயத்துக்குக் கொடுக்கும் காசையும் நிறுத்திவிட்டார்.

அலுவலகம் முழுக்க அவர் தலையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. நான் சொன்னது உண்மை என்று நிரூபணமான நாள். ஆனால் சிரிக்க வரவில்லை. அன்று மாலை பைக்கில் ஏறும்போது அவரே சொன்னார்: "நீங்க சொன்னது சரிதான். பூசிக்கிட்டுத்தான் இருந்தேன். போதுமா?"

"இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றேன். பகைக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் உரையாடல் அதுதான்.

பல்லேபொலவுக்குப் படையெடுப்பு

பேசத் தொடங்கிய பிறகு பேசுவதற்கு ஒரே விஷயம்தான் இருந்தது: ரவி. அவனைக் கண்டால் என்ன சொல்ல வேண்டும் என்று போகும்போது நான் ஒத்திகை பார்ப்பேன், வரும்போது அவர் பார்ப்பார். அவருடைய வசவு என்னுடையதை விட நீளம். நடுவில் மூச்சு வாங்கி, கியர் மாற்றி, மறுபடி தொடருவார்.

ஒருநாள் ஒத்திகை போதும் என்று முடிவு செய்தோம். ரவி இல்லாவிட்டால் அவன் மனைவி மல்லிகா இருக்கிறாளே. வரும் வழியில் பலாபத்வலயில் திரும்பி, பல்லேபொலயில் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றோம்.

வெளிநாட்டுக் காசில் மாடி எழும்பியிருக்கும் என்று நினைத்தோம். வீடு பழைய வீடுதான். கட்டப் போவதாகச் சொன்ன அறைக்கு அத்திவாரம்கூட வெட்டவில்லை. மல்லிகா ஏணியில் நின்று மிளகுக் கொடியிலிருந்து காய் பறித்துக்கொண்டிருந்தாள். சாக்கில் காய்ந்த மிளகின் வாசனை மூக்கை அரித்தது. எங்களைக் கண்டு இறங்கினாள். அழவில்லை.

"காசு கேக்க வந்தீங்களா அண்ணே?"

யோகராஜா தொண்டையைச் செருமினார். அவர் வசவு ஆரம்பிக்கும் இடம் எனக்குத் தெரியும். அது வரவில்லை.

"சூப்பர்வைசர் வேலைன்னு கூட்டிட்டுப் போயி அங்க கக்கூஸ் கழுவ விட்டிருக்காங்க. அஞ்சாறு மாசமாச் சம்பளமும் குடுக்கல. பாஸ்போட்டையும் வாங்கி வச்சிக்கிட்டாங்களாம். எப்பவாவது யார்கிட்டயாவது போன் வாங்கிப் பேசுவார். ஒங்க ரெண்டு பேருக்கும் எடுக்கச் சொன்னேன். பயம்னு சொன்னார்."

நாங்கள் இருவரும் மிளகுக் கொடியைப் பார்த்தோம்.

"நான் ஒண்ணு கேக்குறேன். நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க. கையெழுத்துப் போட முன்னுக்கு வீட்டுல இருக்கிற என்கிட்ட ஏன் ஒரு வார்த்த கேக்கல? கேட்டிருந்தா, போடாதீங்கன்னு சொல்லியிருப்பேனே."

படையெடுத்து வந்த இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். அவள் உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டு வந்தாள். சீனி போட்டிருந்தாள். நான் குடித்த வேகத்தைப் பார்த்து இன்னொரு கிளாஸ் தந்தாள்.

புறப்படும்போது ஒரு பெரிய பலாக்காயைத் தூக்கி வந்து பைக் சீட்டில் வைத்தாள். "காசு இல்ல. இது இருக்கு. மாசா மாசம் வந்து எது இருக்கோ கொண்டு போங்க. மரவள்ளி, தேங்கா, மிளகு, எதுன்னாலும். சும்மா தந்ததா நெனைக்காதீங்க, கடன்லதான் கழியுது."

யோகராஜாவுக்கும் எனக்கும் நடுவில் பலாக்காயை இருத்திக்கொண்டு வந்தோம். முள் முன்னால் அவர் முதுகையும் பின்னால் என் வயிற்றையும் குத்தியது. பலாபத்வலயில் பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். அனுமதிப் பத்திரம் கேட்கவில்லை. பலாக்காயைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில், "மூன்று பேர் ஏறியிருக்கிறீர்கள், நடுவில் இருப்பவருக்கு ஹெல்மட் எங்கே?" என்று கேட்டார். சொல்லிவிட்டு அவரே சிரித்து அனுப்பினார்.

அன்று இரண்டு வீட்டிலும் பலாக்காய்க் கறி. மறுநாள் சுண்டல். அதற்கு மறுநாள் கட்லட். நாலாம் நாள் புஷ்பா தட்டை வைத்துவிட்டு, "என்னன்னு கேக்காதீங்க, சாப்பிடுங்க" என்றாள். புஷ்பாவும் மல்லிகாவும் போனில் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மல்லிகாவின் மிளகைப் புஷ்பா எங்கள் தெருவில் விற்றுக் கொடுத்தாள். பாதிக் காசு மல்லிகாவுக்கு, பாதி எங்கள் இரண்டு வீட்டுக்கும்.

நடுவழியில்

எல்லாம் சுமுகமாகப் போனது என்று சொன்னால் யோகராஜா இதை வாசித்துவிட்டுச் சிரிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சம்பளச் சிட்டையில் வெட்டுப் போக மிஞ்சியது பரவாயில்லாமல் இருந்தது. காற்றும் நன்றாக இருந்தது. என்னையறியாமல் ஒரு பாட்டை முணுமுணுத்துவிட்டேன். யோகராஜா தலையைத் திருப்பாமலே, "பைக்கும் பயப்படுது தங்கவேல்" என்றார்.

"நிப்பாட்டுங்க."

"என்ன?"

"நிப்பாட்டுங்கன்னேன்!"

இறங்கி நடந்தேன். நாலந்தைக்கும் பலாபத்வலவுக்கும் நடுவே, வெயில் இறங்காத நேரம், சப்பாத்துக்குள் கல். மாத்தளைக்குப் போகும் பஸ் ஒன்று எனக்காகவே வேகத்தைக் குறைத்தது. நடத்துநர் கையைக் காட்டிக் கூப்பிட்டான். சட்டைப் பையைத் தொட்டேன். அதில் இருந்தது தர்ஷினியின் வகுப்புக்கு எடுத்து வைத்த காசு. அதில் ஒரு ரூபாவைத் தொட்டாலும் புஷ்பாவுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். பாடியதற்காகப் பஸ்ஸில் வந்தேன் என்று எப்படிச் சொல்வது? பஸ்ஸைப் போகவிட்டேன்.

பின்னால் யோகராஜா முதல் கியரில் என்னோடு கூடவே உருட்டிக்கொண்டு வந்தார். எஞ்சின் உறுமியது.

"ஏறுங்க."

நடந்தேன்.

"பெற்றோல் வீணாப் போகுது."

"போகட்டும்."

"அதுல பாதி ஒங்க காசு."

நான் நின்றேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நிஜமாகவே பெற்றோலைப் பற்றித்தான் கவலைப்பட்டார். எனக்கும் அதே கவலை வந்துவிட்டது. இவ்வளவு கோபத்திலும் டாங்கில் எவ்வளவு இருக்கும் என்றுதான் மனம் கணக்குப் போட்டது. ஏறி உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு, "அன்னைக்குப் பஸ்ஸுல சொன்னது கொஞ்சம் கூடத்தான்" என்று காற்றைப் பார்த்துச் சொன்னார். காற்றுக்குச் சொன்னதாகவே வைத்துக்கொண்டேன். கை அவர் இடுப்பில் இருந்தது. இறக்கம் எதுவும் இல்லாத இடம்.

வந்து நின்றவன்

கடைசித் தவணை வெட்டுப்பட்ட மாதம் வங்கிக்குப் போனோம். கூட்டம். முத்திரை குத்திய ஒரு தாளைத் தந்தார்கள், அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான். வெளியே வந்து ஒரு கடையில் ஆளுக்கொரு ரோல்ஸ் சாப்பிட்டோம். நான் நினைத்திருந்த ருசி இல்லை. விலை மட்டும் நினைத்ததை விடக் கூட.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு, சாப்பாட்டு நேரத்தில் ரவி அலுவலக வாசலில் வந்து நின்றான். கழுத்து எலும்பு தெரிந்தது. லீவு முடிந்தும் வராததால் வேலை போயிருந்தது. தூதரகம் அனுப்பி வைத்து ஊருக்கு வந்து கொஞ்ச நாளாயிற்றாம். வாடகைக்கு ஒரு முச்சக்கரவண்டி எடுத்துப் பலாபத்வலயில் ஓட்டுகிறானாம். வெறுங்கையோடு எங்கள் முன்னால் வரக் கூடாது என்று மல்லிகா சொல்லிவிட்டாளாம்.

எத்தனை நாள் ஒத்திகை பார்த்த வசவு! யோகராஜா, "அடேய்..." என்று தொடங்கினார். அதற்குப் பிறகு வார்த்தையைத் தேடினார். நான் எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன். எனக்கும் மறந்துவிட்டது.

"எப்படா வந்த?" என்று நான் கேட்டேன்.

ரவி பழைய பழக்கத்தில் யோகராஜா பக்கம் திரும்பி, "தங்கவேல் அண்ணன் கேக்குறார்..." என்று தொடங்கினான்.

"எனக்குக் காது இருக்கு" என்றார் யோகராஜா. "ஒன்னத்தான் கேக்குறார். சொல்லு."

ரவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சட்டைக்குள்ளிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தான். எண்ணெய் வாசனை அடித்தது. ஓட்டத்துக்கு ஓட்டம் சேர்த்த காசு, எல்லாம் சின்ன நோட்டு. "மாசா மாசம் தருவேன் அண்ணே" என்றான். யோகராஜா மேசைக்கு அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

பெரிய மனது பண்ணி, வேண்டாம் என்று சொல்லியிருப்போம் என்று நினைக்கிறவர்கள் எங்களைச் சரியாகத் தெரியாதவர்கள். இருவரும் அங்கேயே உட்கார்ந்து சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். ரவி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். இன்றைக்கும் மாதம் தவறாமல் வருகிறான்.

அந்த முதல் காசை வீட்டுக்குக் கொண்டு போனேன். தர்ஷினி பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த நேரம். கோழி வாங்கலாம், சீனி அலுமாரியைத் திறக்கலாம், மத்தியானப் பார்சலை மறுபடி தொடங்கலாம் என்று பஸ் நிலையத்திலிருந்து நடந்து வரும்போதே திட்டம் போட்டிருந்தேன். புஷ்பாவின் கையில் கொடுத்தேன். அவள் நோட்டுகளை நீவி நேராக்கினாள்.

"வீட்டுக் கூரை போட நம்ம எடுத்த லோன் ஒண்ணு இருக்கு, ஞாபகம் இருக்கா?"

எனக்கு நிஜமாகவே மறந்து போயிருந்தது. இவ்வளவு காலமும் அதற்கு வட்டி மட்டும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அதுக்குப் போடுறேன்" என்றாள். என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தாள். "என்னங்க இது? ஊரான் கடனையே கட்டி முடிச்சிட்டீங்க. சொந்தக் கடனக் கட்டவா கசக்குது?"

சொல்லிக்கொண்டே அலுமாரிப் பக்கம் போய், சாவியை இன்னொரு தரம் திருப்பிப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தாள்.